கைதட்டினால் கையை விட வேண்டும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் கேள்வி கேட்கக் கூடாது. இது பயத்திலிருந்து வந்தது. வார்சாவுக்குத் தெற்கே ரதோம் நகரத்து ஆஸ்பத்திரியில், நரம்பு டாக்டரின் அறைக்கு வெளியே, என் நாத்தனாரின் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது முதல் வாக்கியம் தானாக வந்து நின்றது. சிலருக்குப் பயந்தால் விக்கல் வரும். எனக்கு வாக்கியம் வரும்.

வந்த வாக்கியம் இது: ‘கலினாவுக்கு முன்னால் அவளுடைய இடது கை சாகத் தொடங்கியது.’

அழகாகத்தான் இருக்கிறது. அதே சமயம் எவ்வளவு கேவலமாக இருக்கிறது பாருங்கள். நாத்தனார் உள்ளே டாக்டருக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். துணைக்கு வந்தவள் வெளியே உட்கார்ந்து அவளுக்கு இரங்கல் எழுதிக்கொண்டிருக்கிறாள். எழுதுகிறவர்களை வீட்டில் வைத்துக்கொள்வது ஆபத்து என்று என் கணவர் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை.

அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன் என்பதுதான் கதை. ஆனால் அடித்ததை மறைக்கவில்லை, அது மேலேயே இருக்கட்டும். சில கறைகள் துணியில் இருந்தால்தான் எங்கே விழுந்தோம் என்று ஞாபகம் இருக்கும்.

2

வேறு தொடக்கம் தேடினேன்.

‘மசோவியாவின் சமவெளியில், வில்லோ மரங்கள் வரிசையாக நிற்கும்—’ வேண்டாம். நான்காம் வகுப்பு புவியியல் புத்தகம்.

‘ஞாயிற்றுக்கிழமை மதியம் கோழி சூப்பின் ஆவி—’ இதுவும் வேண்டாம். எனக்கே பசி வந்து எழுந்து போய்விட்டேன்.

‘என் கணவர் முட்கரண்டியைக் கீழே வைத்தார்.’

இது பரவாயில்லை. இதிலிருந்து போகலாம்.

என் கணவர் லுதோமிர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். சாப்பாட்டு நடுவில் முட்கரண்டியைக் கீழே வைக்கிற ஆள் அல்ல. வீட்டுக்குத் தீப்பிடித்தாலும் தட்டோடுதான் வெளியே ஓடுவார். அன்றைக்கு வைத்தார். அடுத்த அறையில் அவருடைய தங்கை கலினா பியானோ வாசித்துக்கொண்டிருந்தாள்.

கலினாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இசைப் பள்ளியில் பியானோ ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், “பியானோவுக்கு மூணு காலு. அதைச் சமாளிக்கவே எனக்கு நேரம் சரியாப் போயிடுது” என்பாள். ஞாயிறு தோறும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. எல்லோருக்கும் முன்னால் சாப்பிட்டு முடித்துவிட்டு, நாங்கள் கட்லெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது மசூர்கா என்ற நாட்டு ஆட்ட மெட்டு ஒன்றை வாசிப்பாள். தமிழ் ஊரிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள் சொல்கிறேன், அது எங்களுக்கு ரசம் சாதத்துக்கு அப்பளம் மாதிரி.

அவள் வாசிப்பது ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல இருக்கும். பியானோ மேலே டக் டக்கென்று தாளம் காட்டும் ஒரு முக்கோணப் பெட்டி உண்டு. அதற்கு ‘இன்ஸ்பெக்டர்’ என்று பெயர் வைத்திருந்தாள். இன்ஸ்பெக்டர் சொன்னதற்கு மேல் ஒரு மூச்சுகூட அவள் விரல் தாண்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய இடது கை தாமதமாக வந்தது. மசூர்காவில் வலது கை பாடும், இடது கை ஒன்று இரண்டு மூன்று என்று தாளம் போடும். அந்த இரண்டு வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. கொஞ்சம் தயங்கி, வாசல்படியில் நின்று யோசித்துவிட்டு உள்ளே வருவதுபோல வந்தது.

“கேட்டுச்சா?” என்றார் லுதோமிர்.

கேட்டது என்றேன்.

“அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது.”

என் மாமனார் மாதா கோயிலில் ஆர்கன் வாசித்தவர். அவருக்கு வந்தது நடுக்க நோய். ஆனால் நடுக்கம் முதலில் வரவில்லை. முதலில் இடது கை பாட்டுக்கு அரை மூச்சு பின்தங்கியது. பூசை நடுவில் பாதிரியார்தான் திரும்பிப் பார்த்தார். பிறகு நடுக்கம் வந்தது, பிறகு விறைப்பு, பிறகு ஆர்கன் பூட்டப்பட்டது. கடைசி வருடங்களில் சூப்பை ஸ்பூனால் ஊட்டியவள் நான். அந்த நல்ல மனிதர் ஒவ்வொரு வாய்க்கும் நன்றி சொல்வார்; அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

ஆகவே லுதோமிர் முட்கரண்டியைக் கீழே வைத்தது எதற்கு என்று உங்களுக்கு இப்போது தெரியும். கையை வைத்துப் பிழைக்கிற ஒருத்திக்கு அந்தக் கை போகப்போகிறதா என்பதுதான் விஷயம். வேறெதுவும் இந்தக் கதையில் பெரிதில்லை.

3

(இங்கே கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் தாண்டினால் டாக்டர் பின்னால் செய்த காரியம் உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். என் மேல் பழி போடாதீர்கள்.)

தகிட தகிட என்று சமமாகச் சொல்லிப் பாருங்கள். காகிதத்தில் மசூர்கா அப்படித்தான் இருக்கும். மூன்று தட்டு, மூன்றும் ஒரே அளவு. இப்போது ‘த’வைச் சட்டென்று கடந்து, ‘கி’யில் காலை நீட்டி உட்கார்ந்து, மிச்சமிருக்கிற இடத்தில் ‘ட’வைப் போடுங்கள். ரதோமைச் சுற்றியுள்ள ஊர்களில் பிடிலும் பறை போன்ற சின்ன மேளமும் வைத்து ஆடுவது இப்படித்தான். ஒவ்வொரு தட்டும் கோணல், ஆனால் கோணல் எல்லாம் ஒரே மாதிரிக் கோணல். ஆடுகிறவனின் முழங்கால் இறங்கி ஏற எடுத்துக்கொள்கிற நேரம் அது. முழங்கால் இன்ஸ்பெக்டருக்குக் கட்டுப்படாது.

இந்த ஆட்டத்தை வார்சாவிலிருந்து பாரிசுக்குப் போன ஓர் ஒல்லி மனிதர் பியானோவுக்குள் கொண்டுபோனார். அவர் பெயரை இங்கே விமான நிலையத்துக்கே வைத்துவிட்டார்கள், நான் வேறு சொல்ல வேண்டியதில்லை. காலுக்கென்று பிறந்த தாளம் விரலுக்குப் போனது. கூடத்தில் யாரும் ஆடவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். உலகம் பூராவும் அது அச்சாகி விற்றது. அச்சில் கோணல் விழவில்லை. நம் ஊரில் சுரம் எழுதிய காகிதத்தைப் பார்த்து அப்படியே பாடினால் பாட்டு வாத்தியார் காதைப் பொத்திக்கொள்வார் இல்லையா, அது போலத்தான். கேட்டு வளர்ந்தவர்கள் எழுதாததையும் வாசித்தார்கள். கலினாவுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எழுதியதை மட்டும் வாசிப்பதுதான் நாணயம் என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

இன்னொரு ஆட்டம் பொலோனெஸ். அதுவும் மூன்று தட்டுதான், ஆனால் நேர். ஜோடி ஜோடியாகக் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நடப்பது. பழைய பெயரே ‘நடப்பது’ என்றுதான். அரண்மனையிலும் நடந்தார்கள், ஒல்லி மனிதர் அதையும் பியானோவுக்குள் இழுத்துக்கொண்டார். ஆனாலும் அது மனிதர்களின் கால்களிலிருந்து இறங்கவேயில்லை. பள்ளி இறுதித் தேர்வுக்கு முன்னால் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் அதை நடந்துதான் ஆக வேண்டும். இந்த நாட்டில் மந்திரியும் நடந்திருப்பார், ஜேப்படிக்காரனும் நடந்திருப்பான்.

அதில் ஒரு வழக்கம். வரிசை நடந்துகொண்டிருக்கும்போது யாராவது முன்னால் வந்து கைதட்டினால், முதல் ஜோடியின் ஆண் தன்னோடு நடப்பவளின் கையை விட்டுவிட்டுப் பின்னால் போய்விட வேண்டும். தட்டியவன் அவளை அழைத்துக்கொண்டு வரிசையை நடத்துவான். விட்டுக்கொடுத்தவன் முகம் சுளிக்கக் கூடாது. மசூர்காவிலும் இது உண்டு. இதற்கு இங்கே ‘ஒத்பியானி’ என்று பெயர். இந்தச் சொல்லை மறந்துவிடாதீர்கள், கடைசியில் உங்களிடம் கேட்பேன்.

4

கலினாவை எப்படி எழுதுவது என்பதில்தான் எனக்குத் தகராறு. முதல் பிரதியில் அவள் தைரியசாலியாக இருந்தாள். ஜன்னலைப் பார்த்து நின்றாள். அளவோடு பேசினாள். (‘கலினா புன்னகைத்தாள், அந்தப் புன்னகையில் ஒரு—’ ஒரு மண்ணும் இல்லை. அடித்துவிட்டேன்.) நிஜக் கலினா அப்படிப்பட்டவள் அல்ல. பல் டாக்டரிடம் போனாலே ஊரைக் கூட்டுகிறவள்.

அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் இடது கை தாமதமாக வந்தது. நாங்கள் இரண்டு பேரும் கேட்காத மாதிரி கட்லெட்டை மென்றோம். கேட்காத மாதிரி நடிப்பதில் லுதோமிர் ரொம்ப மோசம். வாசித்து முடித்ததும் தேவைக்கு மேல் கைதட்டினார்.

பிறகு ஒரு நாள் நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தபோது கலினா வந்து பக்கத்தில் நின்றாள். துண்டை எடுத்தாள், துடைக்கவில்லை.

“அண்ணி, என் இடது கை என் பேச்சைக் கேக்கல.”

இன்ஸ்பெக்டரை முடுக்கி வைத்து வாசித்துப் பார்த்திருக்கிறாள். அவன் ஒரு பக்கம் போக, அவள் கை ஒரு பக்கம் போயிருக்கிறது. இழுத்துப் பிடித்தால் வருகிறது, கொஞ்சம் அசந்தால் பழையபடி உட்கார்ந்துவிடுகிறது. ஜனவரியில் பள்ளியின் ஆண்டுவிழாக் கச்சேரி. மசூர்கா வாசிக்க வேண்டியவள் அவள். தலைமை ஆசிரியையிடம் முடியாது என்று சொல்லிவிடலாமா என்று கேட்டாள். கேட்ட கையோடு அடுத்ததையும் கேட்டாள்.

“அப்பா மாதிரி ஆயிட்டா எனக்கு யாரு சூப் ஊட்டுவா?”

“நான்தான். வேற யாரு இருக்கா உனக்கு?”

“உங்க சூப்புல உப்பே இருக்காதே அண்ணி.”

“ஊட்டுறவ கையில குறை சொல்லக் கூடாது. வாயைத் திறந்தமா, முழுங்கினமான்னு இருக்கணும்.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் சோப்புக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். மாமனாரின் ஸ்பூன் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அந்த நிமிடத்திலேயே எனக்கு ஞாபகம் வந்தது. அதற்காக என்னை நானே வெறுத்தேன்.

(கதை எழுதத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் ஒரு துப்பை ஒளித்து வைப்பார்கள். எனக்கு ஒளிக்கத் தெரியாது, அப்படியே சொல்கிறேன். அந்த வசந்தத்திலிருந்து கலினா சனிக்கிழமைகளில் ப்ஷிசுஹா பக்கம் ஒரு கோயில் பாடகர் குழுவுக்கு வாசிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ் பிடித்துப் போவாள், கன்னம் சிவந்து திரும்புவாள். ஒரு முறை அவளுடைய ஷூவை நகர்த்தி வைத்தபோது அடி தேய்ந்து வழவழவென்று இருந்தது. பாடகர் குழுவுக்கு உட்கார்ந்து வாசிக்கிறவளுக்கு ஷூ ஏன் தேய்கிறது என்று கேட்க எனக்கு அப்போது புத்தி வேலை செய்யவில்லை.)

5

டாக்டர் ஷெலிகா வாட்டசாட்டமான மனிதர், சின்ன மூக்குக்கண்ணாடி. உள்ளே நடந்ததைக் கலினா பிறகு சொன்னாள். நான் அதை வரிசைப்படுத்தி மட்டும் தருகிறேன்.

முதலில் கையை மடக்கி நீட்டிப் பார்த்திருக்கிறார். பிறகு கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தட்டிக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறார். இடது கையால் தட்டினாள். டாக்டரின் புருவம் ஏறியது. மறுபடி தட்டச் சொன்னார். தட்டுக்குத் தட்டு இடைவெளி சமமாக இல்லை. அப்பாவுக்கு என்ன வயதில் வந்தது என்று கேட்டார். பேனாவை எடுத்தார். “அந்தப் பேனா மூடியைத் திறந்தாரே அண்ணி, என் உயிரு என்கிட்ட இல்ல” என்றாள் கலினா.

எழுதப் போனவர் நிறுத்தி, தட்டும்போது மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்டார். சும்மா கேட்டாரோ, அவளுடைய உதடு அசைவதைப் பார்த்துக் கேட்டாரோ தெரியாது.

மசூர்கா, என்றாள் கலினா.

தப்பு அவளுடையதா, டாக்டருடையதா என்று சொல்ல முடியாது. சும்மா தட்டு என்றால் மற்ற ஊர்க்காரர்கள் சும்மா தட்டுவார்கள். இந்த ஊர் பியானோ டீச்சரிடம் தட்டு என்று சொன்னால் அவள் எதையாவது வாசிக்கத் தொடங்கிவிடுவாள். டாக்டரும் இந்த மண்ணுக்காரர்தானே. பேனாவைக் கீழே வைத்தார்.

“மசூர்கா வேணாம்மா. பொலோனெஸ் தட்டுங்க. பள்ளிக்கூடத்துல எல்லாரும் நடந்தோமே, அது.”

தட்டினாள். இடது கை சிப்பாய் நடை போட்டது. ஒரு இடத்தில்கூட இடறவில்லை.

இப்போது மசூர்காவை வலது கையால் தட்டச் சொன்னார். வலது கையும் நொண்டியது. அதே இடத்தில், அதே அளவு. பியானோவில் வலது கை பாடிக்கொண்டிருப்பதால் யாருக்கும் அது தெரியவில்லை, அவளுக்கே தெரியவில்லை. இந்த நோய் முதலில் ஒரு பக்கத்தைத்தான் பிடிக்கும், இரண்டு கையையும் ஒரே நாளில் ஒரே தாளத்தில் பிடிக்காது என்று டாக்டர் சொன்னார். “ஆனா நடையைப் பாக்காம விட மாட்டேன், வாங்க” என்று கதவைத் திறந்தார்.

இனி நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லுதோமிரும் கண்ணால் பார்த்தது. கதவு திறந்தது. டாக்டர் வெளியே வந்து வலது கையை நீட்டினார். கலினா தன் இடது கையை அதில் வைத்தாள். பொலோனெஸில் பெண்ணின் இடது கைதான் ஆணின் பிடியில் இருக்கும். டாக்டருக்கு விறைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதும் அதே கைதான். அவர் மூக்கால் ராகத்தை முனகிக்கொண்டே நடக்க, அவளும் நடந்தாள். நிமிர்ந்து, நீண்ட அடியாக, மூன்றுக்கு ஒரு முறை முழங்காலை மெல்ல மடித்து. வரிசையில் காத்திருந்தவர்கள் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். லுதோமிர் எழுந்து நின்றார். தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல நின்றார்.

ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். அப்போது சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் ஊன்றுகோலை மடியில் வைத்துவிட்டுக் கைதட்டினார்.

ஒத்பியானி. டாக்டர் ஒரு கணம் விழித்தார். அப்புறம் என்ன செய்வார்? வழக்கம் வழக்கம்தான். கலினாவின் கையை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார். பெரியவர் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அவளை அழைத்துக்கொண்டு எக்ஸ்ரே அறை வரைக்கும் நடந்தார். டாக்டர் பின்னாலிருந்து அவளுடைய தோளையும் கையின் வீச்சையும் பார்த்துக்கொண்டே வந்தார். பின்னாலிருந்து பார்ப்பதுதான் அவருக்கு இன்னும் வசதியாக இருந்தது என்று நினைக்கிறேன்.

“உங்க கைக்கு ஒண்ணும் இல்ல” என்றார் கடைசியில். “அது எங்கேயோ போய் ஆடக் கத்துக்கிட்டு வந்திருக்கு. எங்கேன்னு நீங்கதான் சொல்லணும்.”

கலினாவுக்குக் காது நுனிவரை சிவந்துவிட்டது.

“பாடகர் குழு?” என்றார் லுதோமிர்.

“பாடகர் குழு இல்லண்ணா.”

ப்ஷிசுஹாவுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் தீயணைப்புப் படையின் கூடம். சனிக்கிழமை சாயங்காலம் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே பிடில் வைத்து ஆடுகிறார்கள். வசந்தத்திலிருந்து அவள் அங்கே மசூர்கா ஆடிக்கொண்டிருக்கிறாள். முப்பது வருஷம் விரலால் மட்டும் தெரிந்து வைத்திருந்ததை முழங்கால் கற்றுக்கொண்டுவிட்டது, முழங்கால் போய் விரலிடம் சொல்லிவிட்டது.

“யார் கூட?” என்று கேட்டேன். நாத்தனாரிடம் இதைக் கேட்காமல் விட்டால் நான் அண்ணியே அல்ல.

“ஒரு மாட்டு டாக்டர் கூட” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. பேர் பின்னால் பஸ்ஸில் வந்தது: செவெரின். மனைவியை இழந்தவர்.

எதற்கும் அடுத்த வசந்தத்தில் ஒரு முறை வந்து காட்டுங்கள் என்றார் டாக்டர் ஷெலிகா. எல்லா டாக்டர்களும் சொல்வதுதான். லுதோமிர் பெஞ்சில் உட்கார்ந்து கலினாவின் கோட்டை முகத்தில் வைத்துக்கொண்டு விம்மினார். அப்பாவுக்கு அழாததையும் சேர்த்து அழுதார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு கோட்டை எடுத்துவிட்டு, “மாட்டு டாக்டரா?” என்றார். நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்டினாள். மூலையிலிருந்த மலிவு சாப்பாட்டுக் கடைக்குப் போய்த் தட்டு நிறைய பியெரோகி வாங்கித் தின்றோம். உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாழ்நாளில் அப்படிப் பசித்ததில்லை.

6

இப்போது ஒரு வாக்குமூலம். பெரியவர் கைதட்டவில்லை.

நடந்தது எல்லாம் நடந்தது. டாக்டர் நடந்தார், கலினா நடந்தாள், லுதோமிர் எழுந்து நின்றார். பெரியவரும் இருந்தார், ஊன்றுகோலும் இருந்தது. ஆனால் அவர் வாயைத் திறந்து, “முழங்கால் இன்னும் மடியணும்” என்று ஒரு குறை மட்டும் சொன்னார். கைதட்டலை நான் சேர்த்தேன். கதைக்கு ஒத்பியானி தேவைப்பட்டது, நடைவழியில் ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருந்தார், எடுத்துக்கொண்டேன்.

இதைத் தமிழில் எழுதி, சமையலறை மேசையில் உட்கார்ந்து கலினாவுக்கு வரிக்கு வரி சொல்லிக்காட்டினேன். அவளைப் பற்றி எழுதுவதை அவளுக்குத் தெரியாமல் வெளியே விடுவது நியாயமில்லை. முதல் வாக்கியத்தைக் கேட்டதும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“உயிரோட இருக்கறவளுக்கு இரங்கலா அண்ணி? நல்லா இருக்கு உங்க பாசம்.”

செவெரினுக்கு வழுக்கை என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தேன். எடுக்கச் சொன்னாள். நெற்றி கொஞ்சம் அகலம், அவ்வளவுதானாம். எடுத்துவிட்டேன். ஷூ விஷயத்தில், “அப்பவே வேவு பாத்தீங்களா?” என்றாள். பெரியவர் தட்டியது என் கற்பனை என்று சொன்னபோது மட்டும் தலையை ஆட்டினாள்.

“தட்டினாரே.”

“இல்லம்மா. நான் அங்கதான் உக்காந்திருந்தேன்.”

“எனக்குக் கேட்டுச்சு. நீங்க என்னத்த எழுதிக்கிட்டு இருந்தீங்களோ.”

லுதோமிரைக் கேட்டோம். அவருக்குத் தெரியாதாம், அவர் தங்கையின் கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஆகவே தட்டினாரா இல்லையா என்பது ஒன்றுக்கு ஒன்று சமமாக நிற்கிறது. அந்தப் பெரியவரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. பேச்சு நடுவில் ஊறுகாய் வெள்ளரிக்காய் ஜாடி திறக்கவில்லை. நான் முயன்றேன், லுதோமிர் முயன்றார். கலினா வாங்கி இடது கையால் ஒரு திருகு திருகித் திறந்தாள். மூன்று பேரும் அந்தக் கையைப் பார்த்தோம்.

7

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் சில முடிவுகள் இருக்கின்றன.

ஜனவரிக் கச்சேரியில் கலினா இன்ஸ்பெக்டர் சொன்னபடி நேராக வாசிக்கிறாள். தலைமை ஆசிரியை திருப்தியாகத் தலையாட்டுகிறார். கலினா சனிக்கிழமை கிராமத்துக்குப் போய்க் கோணலாக ஆடுகிறாள். இரண்டு வாழ்க்கை, இரண்டு தாளம். இது நடக்கக்கூடியது. ஆனால் எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வருகிறது.

அல்லது கோணலாகவே வாசிக்கிறாள். முதல் வரிசையில் முகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன. கூடத்தின் கடைசியில் யாரோ ஒருவரின் ஷூ குதிகால் மட்டும் இரண்டாவது தட்டில் அவளோடு சேர்ந்து இறங்குகிறது. இது சினிமா. ஆனால் நடந்தால் சந்தோஷப்படுவேன்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. ‘வசந்தத்தில் கலினா மறுபடி டாக்டரிடம் போனபோது—’

இந்த வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன். கதையைக் கடைசி வரியில் கவிழ்த்துப் போடத் தெரிந்தவர்கள் இதை விட மாட்டார்கள், எனக்கும் கை அரிக்கத்தான் செய்தது. ஆனால் மாமனாருக்கு சூப் ஊட்டிய கையால் இதை எழுத மாட்டேன். வசந்தம் வரட்டும், அதன் வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

அதற்குப் பதில் போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். இதில் கற்பனை கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்பு தொடங்கிவிட்டால் இங்கே ஆட்டம் பாட்டம் எல்லாம் நின்றுவிடும். அதனால் அந்தக் கடைசிச் சனிக்கிழமை தீயணைப்புக் கூடத்தில் நிற்க இடமில்லை. நானும் லுதோமிரும் போனோம். அவர் அப்பா படுத்ததிலிருந்து எங்கேயும் ஆடியதில்லை. சுவரோரம் உட்கார்ந்து, கையில் பிளாஸ்டிக் கோப்பையில் பீட்ரூட் சூப்போடு, செவெரினை மேலும் கீழும் அளந்துகொண்டிருந்தார். (நெற்றி அகலம்தான்.) “மாட்டைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சிருக்கான்” என்றார். அப்படியெல்லாம் இல்லை. ரொம்ப மரியாதையாகத்தான் பிடித்திருந்தார்.

பிடில் வேகம் எடுத்தது. திடீரென்று லுதோமிர் கோப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். நடுக் கூடத்தில், செவெரினுக்கு முன்னால் நின்று, கைதட்டினார்.

செவெரின் விட்டார். முகம் சுளிக்கவில்லை. அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போன இடம் அதுதான். லுதோமிர் தங்கையைப் பிடித்துக்கொண்டு சுற்றினார். கனத்த உடம்பு, முதல் சுற்றில் தடுமாறினார், பிறகு முழங்கால் வழி கண்டுபிடித்துக்கொண்டது. மசூர்காவில் பெண்ணின் இடது கை ஆணின் தோளில் இருக்கும். கலினாவின் விரல்கள் அவர் தோளில் தாமாகத் தட்டிக்கொண்டிருந்ததை நான் சுவரோரத்திலிருந்து பார்த்தேன்.

பாட்டு முடிந்து வந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது, கண் கலங்கியிருந்தது. வலது தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“லேட்டாத்தான் வருது” என்றார். “ஆனா சரியா லேட்டா வருது.”

கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன். நான் பாதிக்கு மேல் குடித்துவிட்டிருந்தேன், அவர் கவனிக்கவில்லை.

இனி நீங்கள். ஒத்பியானி என்ற சொல்லை மறக்க வேண்டாம் என்று சொன்னேன் இல்லையா? ஜனவரிக் கச்சேரி, செவெரின் கேட்கப்போகும் கேள்வி, வசந்தம், எல்லாம் முன்னால் கிடக்கிறது. இந்தக் கதையை இவ்வளவு தூரம் நான் நடத்திவந்துவிட்டேன். எழுந்து முன்னால் வந்து கைதட்டுங்கள். முகம் சுளிக்காமல் விட்டுவிட்டுப் பின்வரிசைக்குப் போய்விடுவேன். ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். கலினா உங்கள் தோளில் இடது கையை வைப்பாள். அது கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். காத்திருங்கள்.